சொப்ரானோ தங்கைக்கு ஓர் உகுலேலே

கேசியாவுக்குப் பொறாமை. கொஞ்சநஞ்சம் இல்லை, வண்டி வண்டியாகப் பொறாமை.

யார் மேல்? சொந்தத் தங்கை தபிதா மேல்தான். கேசியாவுக்கு வயது பன்னிரண்டு, தபிதாவுக்குப் பதினொன்று. ஆனால் தங்கைதான் அக்காவைவிட ஒரு தலை உயரம். சித்தூரில் அவர்கள் தெருவுக்குப் புதிதாக வருகிறவர்கள் தபிதாவைப் பார்த்து, "நீதான் பெரிய பொண்ணா?" என்று கேட்பார்கள். அதைக்கூட கேசியா பொறுத்துக்கொண்டாள். ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததை எப்படிப் பொறுப்பது, சொல்லுங்கள்?

சர்ச் கொயரில் தபிதா சொப்ரானோ. அதாவது, பாட்டின் மெட்டை உயர்ந்த குரலில் பாடுகிறவள். கேசியா ஆல்ட்டோ. அது கொஞ்சம் தாழ்ந்த குரல். ஆல்ட்டோ நன்றாக இருந்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள். தப்பிப் போனால் மட்டும் சர்ச்சே திரும்பிப் பார்க்கும்.

"அறுப்பின் பண்டிகைக்கு நம்ம தபிதா உகுலேலே வாசிச்சிக்கினே பாடப் போறா," என்று அறிவித்தார் கொயர் மாஸ்டர் ஞானசிங்.

உகுலேலே என்பது குட்டி கிட்டார் மாதிரி இருக்கும். நாலே நாலு கம்பிதான். கேசியா அதை போனில் நூறு முறை பார்த்திருக்கிறாள். ஆசையோ ஆசை.

"மாஸ்டர், நானு?" என்று கையைத் தூக்கினாள்.

"நீ ஆல்ட்டோம்மா. நீ வந்துட்டா ஆல்ட்டோவுக்கு யாரு கீறாங்க?" என்று சொல்லிவிட்டார் மாஸ்டர்.

கேசியாவின் காதில் புகை வராத குறைதான்.

சனிக்கிழமை திருப்பதிக்குப் போய் உகுலேலே வாங்குவது என்று முடிவானது. ஆனால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் தபிதா காம்பவுண்டு சுவரிலிருந்து குதித்துக் காலைச் சுளுக்கிக்கொண்டாள்.

"கேசியா, நீ வந்து பாத்து எடும்மா," என்றார் நைனா. அப்பாவை அவர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

வாசிக்கப் போவது தபிதா! தேடிப் பார்த்து எடுத்து வருவது கேசியா! இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்வது?

கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு தபிதா உத்தரவு போட்டாள். "அக்கா, சொப்ரானோ உகுலேலேதான் வாங்கினு வரணும். வேற வேற பேருல எல்லாம் இருக்குதாம். நான் சொப்ரானோ பாடறேன்ல? டெனர் கினர் வாங்கினு வந்துடாத. அது மீசை வெச்ச அங்கிளுங்களுக்கு!"

"ஆமாம்மா, டெனர் என்னுது," என்று மீசையைத் தடவினார் நைனா. அவர் கொயரில் டெனர் பாடுகிறவர்.

மறுநாள் ரயிலில் கேசியா முகத்தை ஜன்னல் பக்கமே திருப்பி வைத்திருந்தாள். பாகாலா ஸ்டேஷனில் நைனா வடை வாங்கி, "துன்னும்மா," என்று கொடுத்தார். வயிறு எரிந்தால் என்ன, வடை வடைதானே! இரண்டு தின்றாள்.

திருப்பதியில் கடைக்குள் நுழையும்போதே நைனாவுக்கு வேலை இடத்திலிருந்து போன் வந்தது. "நீ பாத்துக்கினு இரு, வந்துடறேன்," என்று வெளியே போய்விட்டார்.

கடையில் நந்திதா என்ற அக்கா இருந்தாள். தமிழும் தெலுங்கும் கலந்து பேசினாள். "ஏம் காவாலம்மா? என்ன வேணும்?"

"உகுலேலே," என்றாள் கேசியா. அப்புறம் ஆசை அடங்காமல், "ஆல்ட்டோ இருக்குதாக்கா?" என்று கேட்டுவிட்டாள்.

நந்திதா சிரித்தாள். "ஆல்ட்டோ இல்லையே. சொப்ரானோ, கான்சர்ட், டெனர். இந்த மூணுதான் நம்மகிட்ட இருக்கு."

இங்கேயும் ஆல்ட்டோவுக்கு இடம் இல்லையா? கேசியாவுக்கு அழுகையே வந்தது.

"பேரைப் பாத்து வாங்கக் கூடாதும்மா," என்றாள் நந்திதா. "குரலுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை. மூணுக்கும் ஒரே சுருதிதான். சைஸ்தான் வேற. சொப்ரானோ சின்னது, கான்சர்ட் நடு, டெனர் பெருசு. வாசிக்கிறவங்க கையைப் பாத்துத்தான் எடுக்கணும். நீ கை காட்டு."

அவள் சொப்ரானோவை எடுத்து கேசியாவின் மூன்று விரல்களைக் கம்பிகள் மேல் வைத்தாள். கழுத்துப் பகுதியில் குறுக்குக் கம்பிகள் பிரித்த கட்டங்களில் ஒவ்வொரு விரலும் அழகாக உட்கார்ந்தது. மீட்டியதும் ணிங்ங் என்று ஒரு சத்தம். கேசியாவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

"உனக்கேதானா?"

"இல்ல. தங்கச்சிக்கு."

"ஓ, சின்னவளா? அப்போ கையும் சின்னதா இருக்கும். சொப்ரானோவே சரிபோதுந்தி, சரியா இருக்கும்," என்று நந்திதா பெட்டியை எடுத்தாள்.

கேசியாவுக்கு உண்மை தெரியும். தபிதாவின் விரல் ஒவ்வொன்றும் அவள் விரலைவிட ஒரு கணு நீளம், கொஞ்சம் தடிமனும்கூட. இத்தனை நெருக்கமான கட்டங்களில் அந்த விரல்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும்.

தெரிந்தும் அவள் வாயைத் திறக்கவில்லை.

ஏன் திறக்க வேண்டும்? சொப்ரானோ கேட்டது யார்? தபிதாவேதான்! கேட்டதை வாங்கிப் போனால் யார் குறை சொல்ல முடியும்? தபிதா தட்டுத் தடுமாறுவாள். மாஸ்டர் பொறுத்துப் பொறுத்துப் பார்ப்பார். கடைசியில், "கேசியா, நீ வாம்மா," என்பார். ஆகா, நினைக்கவே எவ்வளவு நன்றாக இருந்தது!

நந்திதா சொப்ரானோவைப் பெட்டிக்குள் வைத்தாள்.

அப்போதுதான் கேசியாவுக்குப் போன கிறிஸ்துமஸ் ஞாபகம் வந்தது. நாடகத்துக்கு வாங்கிய வளையல் ஒன்றுகூட தபிதாவின் கையில் ஏறவில்லை. "கையா அது, முறமா?" என்று சொன்னது கேசியாதான். எல்லோரும் சிரித்தார்கள். தபிதாவும் சிரித்தாள். ஆனால் அன்றைக்கு முழுக்கக் கையைத் துப்பட்டாவுக்குள்ளேயே மறைத்து வைத்திருந்தாள்.

விரல் இடித்தால் தபிதா உகுலேலேயைத் திட்ட மாட்டாள். தன் கையைத்தான் திட்டிக்கொள்வாள்.

"அக்கா, நிறுத்துங்க!" என்றாள் கேசியா. "நான் பொய் சொல்லிட்டேன். இல்ல, பொய் இல்ல, சொல்லாம வுட்டுட்டேன். என் தங்கச்சி என்னைவிட உயரம். அவ கை இம்மாம் பெருசு." தன் கையை மேசைமேல் விரித்து, ஒவ்வொரு விரல் நுனிக்கும் மேலே எவ்வளவு நீளும் என்று காட்டினாள்.

"அம்மாடி! அப்போ டெனர்தான்," என்றாள் நந்திதா.

போன் பேசி முடித்து நைனா உள்ளே வந்தார். நடந்ததைக் கேட்டு மீசையைச் சொறிந்தார். "டெனரா? அவ சொப்ரானோன்னு எவ்ளோ தடவ சொன்னா! கேசியா, நெஜமா சொல்லு. பொறாமைல சொல்லலியே?"

கேசியாவுக்குச் சுருக்கென்று இருந்தது. "பொறாமை இருக்குது நைனா. நெறைய இருக்குது. பொறாமைல செய்யணும்னா, அவ கேட்ட சொப்ரானோவையே வாங்கிக்கினு கம்முனு வந்திருப்பேன்."

நைனா அவள் தலையைத் தடவினார். பிறகு நந்திதாவிடம், "டெனரே குடும்மா," என்றார்.

வீட்டில் பெட்டியைப் பார்த்ததுமே தபிதா கத்தினாள். "டெனரா! வேணும்னே பண்ணியா நீ? எனக்குத் தெரியும், உனக்குப் பொறாமை!" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

கேசியாவுக்குக் கோபம் பொங்கியது. இதற்கா அவ்வளவு பாடுபட்டாள்? இருந்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு உகுலேலேயைத் தங்கையின் பக்கத்தில் வைத்தாள். "ஒரே ஒரு தடவ புடிச்சிப் பாரு. புடிக்கலன்னா திருப்பிக் குடுத்துடலாம்."

தபிதா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே எழுந்து உட்கார்ந்தாள். கேசியா அவளுடைய மூன்று விரல்களையும் பிடித்து, கடையில் கற்றபடி கம்பிகளில் வைத்தாள். தபிதா மீட்டினாள்.

ணிங்ங்.

தபிதாவின் கண் விரிந்தது. இன்னொரு முறை மீட்டினாள். "அக்கா! வெரலு இடிக்கவே இல்ல! நீ வாசி பாக்கலாம்."

கேசியா முயன்றாள். விரல்களை எவ்வளவு நீட்டியும் மூன்று கட்டங்களும் ஒரே நேரத்தில் அவளுக்கு எட்டவில்லை.

"எனக்கு எட்டுதே!" என்று தபிதா தன் கையை முன்னே நீட்டித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். யாரோ புதுக் கை வாங்கிக் கொடுத்த மாதிரி அப்படி ஒரு சிரிப்பு.

வாசலில் நின்ற நைனா, கடையில் கேசியா சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னார்.

தபிதா உகுலேலேயை மடியில் வைத்தாள். பிறகு மெதுவாக, "சாரிக்கா," என்றாள். இன்னும் மெதுவாக, "இப்போ பொறாமை போயிடுச்சா?" என்று கேட்டாள்.

கேசியா யோசித்தாள். பொய் சொல்ல மனசு வரவில்லை.

"போய்க்கினு இருக்குது," என்றாள். "நீ வாசி!"