ஐந்தாவது உரிப்பு

புழு வளர்ப்பு மனைக்குள் ஓசையே இல்லை என்பதுதான் கனகலட்சுமியை முதலில் உறுத்தியது. ஒரு வாரமாக மல்பெரி இலையை மென்று மென்று, தகரக் கூரையின்மேல் தூறல் விழுவதுபோல் இரைந்த பட்டுப் புழுக்கள், நேற்று மாலை உடல் மஞ்சளித்து இரையை மறுத்துவிட்டன. ஆகவே மெல்லும் ஓசை நின்றது முறைதான். ஆயினும், கூடு கட்டும் புழுக்களின் சன்னமான அரவமாவது கேட்க வேண்டாமா? காவலுக்காக உள்ளே படுத்திருந்த கணவன் சிவக்குமாரின் குறட்டை எங்கே? காலை பத்து மணி வெயில் பேரையூர்க் காட்டை வறுத்துக்கொண்டிருந்தது.

பக்கத்து நிலத்தில் களையெடுத்துக்கொண்டிருந்த ராமக்காள் நிமிர்ந்தாள்.

"ஏத்தா, ஒன் வீட்டுக்காரரு இன்னுமா எந்திரிக்கல? மதுர சிம்மக்கல்லுல மூட்ட தூக்குனப்பக்கூட இம்புட்டு நேரம் தூங்கியிருக்க மாட்டாரே!"

"எழுப்பிவிட்டுட்டு வாரேன்க்கா."

வலைக்கதவைத் திறந்தாள். சுண்ணாம்பும் வாடிய இலையும் மணக்கும் அவ்விடத்தில் இன்று வேறொரு வாடை, ஈரக் கோந்தைப்போல், தொண்டையில் ஒட்டியது. கூடு கட்டுவதற்காகப் பரப்பிய வலைத்தட்டுகள் அத்தனையும் வெறுமையாய்க் கிடந்தன. ஒரு புழுகூட இல்லை.

எட்டு நாள்களுக்கு முன் நடந்தது நினைவில் குத்தியது. நான்காவது முறையாக, அதுவே கடைசி முறையாக, தோலுரிக்கும் புழு ஒரு நாள் முழுவதும் உண்ணாது, அசையாது, தலையை நிமிர்த்தியபடி கிடக்கும். எழுத்துக் கூட்டத் தெரியாதவரும் ஒரே போகத்தில் கற்றுக்கொள்ளும் இப்பாடத்தைச் சிவக்குமார் கற்க மறுத்தான்.

"நோவு விழுந்திருச்சுடி. மத்ததுக்கும் ஒட்டிக்கிரும்."

"நோவு இல்லைங்க, தோலு உரிக்குது. நாளைக்கு எந்திரிச்சிரும்."

"எனக்கே நீ வாத்தியாரா?"

அண்டாவில் கொதித்த நீரை இரண்டு அடுக்குகளின்மேல் கவிழ்த்தான். குறுக்கே நீண்ட அவள் கையும் வெந்தது. பாதி கழன்ற தோலுக்குள் பல்லாயிரம் உடல்கள் சுருண்டன. எஞ்சிய அடுக்குகளில் புழுக்கள் நிமிர்ந்தே இருந்தன. எல்லாத் தலைகளும் அவன் பக்கமாகத் திரும்பியிருந்தன.

"ஏங்க?"

மனையின் கோடியில் அவன் படுத்திருந்த கட்டில் தெரியவில்லை. அங்கே ஆளுயரத்தில் ஒரு பட்டுக்கூடு கிடந்தது. வெண்மை. வழவழப்பு. உள்ளே, இழுத்து இழுத்து வாங்கும் மூச்சு.

உயிர் இருக்கிறது. அடைபட்டு மூச்சு முட்டுமுன் அவனை வெளியே எடுத்தாக வேண்டும்.

கிளை வெட்டும் அரிவாளை எடுத்தாள். வெட்டினாள். பட்டு வழுக்கியது. மீண்டும் வெட்டினாள். இழைகளுக்கிடையே புழுக்கள் நசுங்கிப் பிதுங்கின. ஓங்கினாள். அரிவாள் சதையில் ஆழப் பதிந்தது. உள்ளே உடல் துள்ளியது.

குருதி பீறிட்டது.

சிவப்பில்லை. மஞ்சள்.

கிழிசலை இரு கைகளாலும் பிளந்தாள். காலடியில் சுருட்டித் தள்ளப்பட்டிருந்தது அவனுடைய தோல். மீசையோடு. நகங்களோடு. அரைஞாண் கயிற்றோடு. அதிலிருந்து கழன்றது வெளிறி, ஈரமாகக் கிடந்தது. முகம் இருந்தது. அதில் கண் இல்லை. வாய் இல்லை.

தோளில் அவள் வெட்டிய வெட்டுவாய் மெல்ல விரிந்தது.

"கனகா," என்றது அது, அவன் குரலில்.

நகமற்ற விரல்கள் அவள் மணிக்கட்டை வளைத்துப் பிடித்தன. அரிவாளோடு அவள் கையை மேலே இழுத்தன; கண்கள் இருக்க வேண்டிய இடத்தில் அதன் முனையைப் பொருத்தின.

"இங்கயும்."