புரொப்பல்லர் முன்னால் நிற்பவர்

திலகா கேட்டு முடிப்பதற்குள்ளேயே பதில் வந்துவிட்டது.

"சுவிட்ச்..." என்று அவள் தொடங்கியிருந்தாள். அதற்குள் விமானத்துக்கு உள்ளிருந்து அவள் கணவன் வசந்த்குமாரின் குரல் "ஆஃப்" என்றது.

புரொப்பல்லரை நோக்கி நீட்டிய கைகளை அவள் இழுத்துக்கொண்டாள். ஒன்பது வருட மணவாழ்க்கையில் வசந்த் எதற்கும் இவ்வளவு சீக்கிரம் பதில் சொன்னதில்லை. கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று அவள்தான் முதலில் கேட்டாள். அதற்கும் ஒரு டம்ளர் டீயை முழுக்கக் குடித்து முடித்துவிட்டுத்தான் சரி என்றான். இந்த வேலையிலும் அப்படித்தான். குனிந்து சுவிட்சைப் பார்ப்பான், விரலால் தொட்டுப் பார்ப்பான், பிறகுதான் வாயைத் திறப்பான்.

"பார்த்துட்டு சொல்லுங்க," என்றாள்.

"இன்னாத்த பார்த்துட்டு? நான் இன்னும் ஒண்ணுமே சொல்லல. பென்சில் சீட்டுக்குக் கீய பூட்ச்சி, தேடிக்கினு கீறேன்."

திலகா இறக்கையைச் சுற்றிப் போய்க் கதவு வழியே எட்டிப் பார்த்தாள். வசந்த் தலையைச் சீட்டுக்கு அடியில் விட்டுக்கொண்டு கிடந்தான். அவன் தலைக்கு மேலே, பலகையில், கறுப்புக் குமிழ் 'ஆன்' பக்கம் திரும்பியிருந்தது. கால் மணி நேரத்துக்கு முன் அவளே அதை 'ஆஃப்' பக்கம் திருப்பி வைத்திருந்தாள்.

1947-இல் செய்த இரண்டு சீட் விமானம் அது. சாவியைத் திருகினால் கிளம்புகிற வண்டியல்ல. ஒருவர் முன்னால் நின்று புரொப்பல்லரைக் கையால் இழுத்துச் சுற்ற வேண்டும், இன்னொருவர் உள்ளே உட்கார்ந்திருக்க வேண்டும். முன்னால் நிற்பவர் "சுவிட்ச்?" என்று கேட்பார். உள்ளே இருப்பவர் "ஆஃப்" என்று சொன்ன பிறகுதான் பிளேடில் கை வைப்பார். சுவிட்ச் ஆஃபில் இருந்தால் அது வெறும் மரத்துண்டு. ஆனில் இருந்தால், எண்ணெய் இறங்குவதற்காக மெல்ல ஒரு சுற்று இழுத்தாலும் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். எதிரே இருக்கும் கையோ தலையோ மிஞ்சாது. முன்னால் நிற்கிறவருக்குச் சுவிட்ச் கண்ணுக்குத் தெரியாது. அவருக்கு இருப்பதெல்லாம் உள்ளே இருப்பவரின் குரல்தான்.

"ஒயர்ல எங்கியோ கோளாறு," என்றான் வசந்த், பென்சிலோடு எழுந்து. "குமிழும் லூசு. பழைய வண்டிதானே."

"ஒயர் கோளாறுன்னா குமிழ் திரும்பாது. குமிழ் லூசுன்னா குரல் வராது."

"தகர ஷெட்டு. எதிரொலிக்கும்."

"நான் ஆஃப்னு சொல்லவே இல்லியே. சொல்லாதது எப்படிங்க எதிரொலிக்கும்?"

மீட்டர் வைத்து ஒயரைப் பார்க்கலாம் என்றாள். மீட்டரில் பேட்டரி தீர்ந்திருந்தது. உத்திரமேரூர் பஜாருக்குப் போய் வர அரை மணி நேரமாகும்.

"நீயும் வண்டியில ஏறு. அருள்தாஸ் கடையில வடை துன்னுட்டு வந்துடலாம்."

"நான் வரல. என்னைப் பயமுறுத்தணும்னா இதுக்கு இன்னும் கொஞ்சம் வயசாவணும்."

"எழுபத்தெட்டு ஆவுது. இன்னும் எவ்ளோ ஆவணும்ன்ற?" சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "நான் வர்ற வரைக்கும் அதுக்கு முன்னால நிக்காத, திலகா," என்றான்.

"நிக்க மாட்டேன்."

பைக் சத்தம் ஏரிக்கரை வழியே தேய்ந்து மறைந்தது. ஷெட் ஒரு காலத்தில் அரிசி ஆலையின் கிடங்காக இருந்தது; உமி வாசனை இன்னும் சுவர்களை விட்டுப் போகவில்லை, அதற்கு மேல் பெட்ரோலும் பழைய கான்வாஸில் பூசிய வார்னிஷும் சேர்ந்து மதிய வெயிலில் ஒரு கனத்த இனிப்பு மணமாகத் தேங்கி நின்றது, தகரக்கூரை சூட்டில் விரிந்து அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தட்டியது, வெளியே வேர்க்கடலைக் கொல்லையில் களை எடுக்கும் பெண்களின் பேச்சு காற்று திரும்பும்போதெல்லாம் கேட்டு மறைந்தது. அவள் அம்மா அம்முலுவும் அந்தக் கொல்லைகளில் களை எடுத்தவள்தான். விமானத்தில் கை வைக்கிற முதல் பெண் இந்த ஊரில் திலகாதான்.

திலகா மேசை முன் உட்கார்ந்து, விமானத்தின் விபத்துக் கோப்பைத் திறந்தாள். விமானத்தை வாங்கி, பழுது பார்க்க அவர்களிடம் விட்டிருந்த கேசவ் சார் கொடுத்தது. பழைய விமானங்களின் விபத்து அறிக்கைகளை அவள் நிறையப் படித்திருக்கிறாள். தொட்டியில் இறங்கிய தண்ணீர். கார்புரேட்டரில் உறைந்த பனி. உள்ளுக்குள்ளேயே உளுத்த இறக்கைக் கட்டை. எஞ்சின் நின்றதும் பதறி ஓடுபாதைக்கே திரும்பப் பார்த்து, திருப்பத்தில் விழுந்தவர்கள். எதுவானாலும் காரணம் ஒன்று இருக்கும். காரணம் இருந்தால் சரிசெய்யலாம். அவள் பிழைப்பே அந்த நம்பிக்கையில்தான் நின்றது.

இந்த விமானம் ஒருமுறைகூட வானத்திலிருந்து விழுந்ததில்லை. அதன் பெயரில் மூன்று விபத்துகள், மூன்றும் தரையில். 1958, ஒரு மெக்கானிக், வலது கை. 1973, ஒரு மாணவர், இரண்டு கைகளும். 1991, ஒரு பயிற்சியாளர், இறப்பு. மூவரும் முன்னால் நின்றவர்கள். 'ஆஃப்' என்று குரல் கேட்டதாக முதல் இருவரும் சொல்லியிருந்தார்கள். மூன்றாமவருக்காகப் பக்கத்தில் நின்ற இரண்டு பேர் சாட்சி சொல்லியிருந்தார்கள். உள்ளே இருந்தவர்களின் வாக்குமூலமும் மூன்று முறையும் ஒரே வரிதான்: நான் எதுவும் சொல்லவில்லை. மூன்று முறையும் அதிகாரி எழுதிய முடிவும் ஒன்று: அதிர்ச்சியால் ஏற்பட்ட ஞாபகப் பிழை.

போன் அடித்தது. கேசவ் சார்.

"என்னம்மா, நாளைக்கு ஆபீசர் வரார். வண்டி பறக்கலாம்னு கையெழுத்துப் போட்டுடுவியோன்னோ?"

"இன்னிக்கு போட முடியாது சார். சுவிட்ச்ல ஒரு சிக்கல்."

"பழைய வண்டின்னா நாலு சிக்கல் இருக்கத்தான் செய்யும். உன்னால முடியலேன்னா சொல்லிடு, பெங்களூர்லேந்து வேற ஆளை வரவழைக்கறேன். நான் உன்னைத் தப்பா நெனைச்சுக்க மாட்டேன்."

வேற ஆள். அவன் வருவான், எதுவும் தெரியாமல் இதன் முன்னால் நிற்பான், கேட்பான்.

"என்னால முடியும் சார்," என்றாள். போனை வைத்தாள்.

பிறகு நாற்காலியைத் திருப்பி, விமானத்தின் பக்கவாட்டைப் பார்த்து உட்கார்ந்தாள். கொடுத்த வாக்கை மீறவில்லை, முன்னால் நிற்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"சுவிட்ச்?"

கூரை தட்டியது. களை எடுக்கும் பெண்களின் பேச்சு கேட்கவில்லை. எப்போது நின்றது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"ஆஃப்."

வசந்தின் குரல். காலையில் காதருகே எழுப்புகிற அதே குரல், அதே கரகரப்பு, முடிவில் லேசாக இறங்குகிற அதே மூச்சு. காலியான விமானத்துக்குள்ளிருந்து.

அவள் எழுந்து போனாள். குமிழ் ஆனில் இருந்தது. அதை ஆஃபுக்குத் திருப்பி, போல்ட் கழன்றுவிடாமல் கட்டுகிற மெல்லிய கம்பியை எடுத்து, குமிழின் கழுத்தில் சுற்றி, பலகையின் திருகோடு இழுத்து, இடுக்கியால் ஒன்பது முறுக்கு முறுக்கினாள். அவள் கட்டிய கம்பி எந்த விமானத்திலும் அவிழ்ந்ததில்லை.

"இப்ப சொல்லு பார்க்கலாம்," என்றாள்.

மேசைக்குத் திரும்பினாள். கேட்டாள். பதில் வந்தது. போய்ப் பார்த்தாள்.

குமிழ் ஆனில். கம்பி சீட்டின் மேல் கிடந்தது. அறுக்கவில்லை. ஒவ்வொரு முறுக்காக, பொறுமையாக, பிரித்து நீட்டி வைத்திருந்தது.

ஓடிப்போகலாம் என்று உடம்பு முழுவதும் சொன்னது. கதவு பத்தடியில் இருந்தது, அதற்கு வெளியே வெயில், ஏரிக்கரை, பஸ் போகிற ரோடு. அவள் கதவைப் பார்த்தாள். பிறகு அந்த மூன்று பேரை நினைத்தாள். ஒரு குரலை நம்பியதைத் தவிர எந்தத் தப்பும் செய்யாதவர்கள். ஞாபகப் பிழை என்று எழுதி மூடிவிட்டார்கள்.

"பிழை அவங்களுது இல்ல," என்றாள் சத்தமாக. "உன்னுது. கயட்டி எடுத்துர்றேன்."

திருப்புளியோடு உள்ளே ஏறி இடது சீட்டில் உட்கார்ந்தாள். குமிழை ஆஃபில் வைத்து இடது கையால் பிடித்துக்கொண்டு, சுவிட்சைப் பலகையோடு சேர்த்திருந்த நான்கு திருகுகளைக் கழற்றத் தொடங்கினாள். முதல் திருகு. இரண்டாவது. உள்ளே வார்னிஷ் வாசனை போய்விட்டது. வேறு ஏதோ வாசனை. ஈரம். இரும்பு. மருத்துவமனையில் தரையைத் துடைத்த பிறகும் மிஞ்சுகிற வாசனை.

பைக் சத்தம். வசந்த்.

அப்பாடா என்று இருந்தது. முன்கண்ணாடி வழியே அவன் வருவது தெரிந்தது, சட்டைப் பையில் பேட்டரி, கையில் வடைப் பொட்டலம். அவள் வாயைத் திறந்தாள்.

"ஏங்க, வந்துட்டீங்களா?" என்றது அவள் குரல். வலது பக்கம். காலி சீட்டிலிருந்து. "கனெக்‌ஷன் லூசா இருந்துச்சு. சரி பண்ணிட்டேன். நாலு சுத்து இழுத்து வுடுங்க."

"நான்தான் சொன்னேன்ல? கேக்க மாட்டியே." வசந்த் பொட்டலத்தை மேசையில் வைத்தான்.

திலகா கத்தினாள். தொண்டை கத்தியது, நரம்பு புடைத்தது, வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை. திருப்புளியைப் போட்டுவிட்டுக் கண்ணாடியைத் தட்டினாள். அவன் நிமிர்ந்து பார்த்து, சரி சரி என்று கையை ஆட்டினான். சீக்கிரம் இழுக்கச் சொல்கிறாள் என்று எண்ணிக்கொண்டான்.

குதித்து ஓடலாம். இரண்டு நொடி போதும். ஆனால் குமிழை விட வேண்டும்.

விடவில்லை.

எரிபொருள் குழாய் மூடித்தான் இருந்தது. ஆனால் காலையில் நிரம்பிய கார்புரேட்டரில் பெட்ரோல் இன்னும் மிச்சம் இருந்தது. ஒருமுறை பிடிக்க அது போதும்.

வசந்த் முன்னால் வந்து நின்றான். காலை அகட்டி வைத்தான். "சுவிட்ச்?"

"ஆஃப்," என்றது அவள் குரல், அன்பாக.

அவன் இரண்டு கைகளையும் பிளேடின் மேல் வைத்தான்.

அப்போது அவள் விரல்களுக்கு அடியில் ஏதோ நுழைந்தது. குளிர்ந்த, ஈரமான விரல். குமிழுக்கும் அவள் உள்ளங்கைக்கும் நடுவே. திருப்பப் பார்த்தது. அவள் இறுக்கினாள். இன்னொரு விரல். இன்னொன்று. ஒரு கைக்கு ஐந்துதான். இவை ஐந்து அல்ல.

வசந்த் இழுத்தான். பிளேடு சுற்றி நின்றது. எஞ்சின் பிடிக்கவில்லை. ஒன்று.

அந்த விரல்கள் அவளுடைய சுண்டுவிரலைத் தூக்கின. தூக்கிப் பின்னால் மடக்கின. எலும்பு முறிந்த சத்தம் அவளுக்கு மட்டும் கேட்டது. மற்ற கையையும் கொண்டுவந்து குமிழைச் சேர்த்துப் பிடித்தாள். கண்ணீர் வழிந்தது. குனிந்து பார்த்தாள். அவள் கைகளைச் சுற்றி மொய்த்திருந்த கைகள் மணிக்கட்டோடு முடிந்திருந்தன. அதற்குப் பின்னால் ஒன்றுமில்லை.

இரண்டு.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வசந்த் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு அவளைப் பார்த்துச் சிரித்தான். மறுபடி பிளேடுக்கு நேராக நின்றான்.

"சுவிட்ச்?"

வலது சீட்டில் அவள் குரல் மூச்சை இழுத்தது. குமிழைப் பிடித்திருந்த மோதிர விரலும் மெல்ல மேலே எழும்பத் தொடங்கியது. திலகா பல்லைக் கடித்து, மீதி எட்டு விரல்களாலும் இறுக்கினாள்.