அக்காவின் ஐந்து விண்ணப்பங்கள்

சாப்பாட்டு மேசையில் யாரும் சாப்பிட்டுப் பதினைந்து நாள் ஆகிவிட்டது.

மேசை முழுக்கக் கல்லூரிகளின் விளக்கப் புத்தகங்கள். வழுவழு அட்டைகளில் பெரிய பெரிய கட்டடங்கள், புல்வெளியில் உட்கார்ந்து சிரிக்கும் மாணவர்கள். நடுவில் அக்கா. இந்தப் பக்கம் அம்மா, அந்தப் பக்கம் அப்பா, எதிரில் மாமா. பொடிசு மட்டும் தட்டோடு தரையில்.

பொடிசு என்பது வீட்டில் வைத்த பெயர். அவள் ஆறாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். பெயர்தான் வளரவே இல்லை.

"அம்மா, கணக்குல நான் தொண்ணூத்தாறு" என்றாள் பொடிசு.

"சமத்து" என்றாள் அம்மா, தலையை நிமிர்த்தாமல். "கொஞ்சம் தள்ளி உக்காரு. அக்காவோட மார்க் ஷீட்ல எதையாவது சிந்திடப் போற."

பொடிசு தள்ளி உட்கார்ந்தாள்.

அக்கா வாங்கியிருந்தது நூற்றுக்கு ஐம்பத்தெட்டு. ஐம்பத்தெட்டு வாங்கினால் வீடே சுற்றி உட்காருகிறது. தொண்ணூற்றாறு வாங்கினால் 'தள்ளி உக்காரு.' இது என்ன கணக்கு? இந்தக் கணக்கை மட்டும் பொடிசால் போட முடியவில்லை.

'நானும் குறைச்சு வாங்கினா என்ன?' என்று ஒருநாள் தோன்றியது. அறிவியல் தேர்வில் தெரிந்த மூன்று கேள்விகளை வேண்டுமென்றே விட்டுவிட்டு வந்தாள். டீச்சர் தாளைக் கொடுக்கும்போது, "என்னம்மா, தூங்கிட்டியா?" என்றார். வீட்டில் அதைக்கூட யாரும் கேட்கவில்லை. அநியாயமாக ஏழு மதிப்பெண் போனதுதான் மிச்சம்.

மேசையில் பேச்சு நடந்துகொண்டிருந்தது.

"அஞ்சு விண்ணப்பம்தான் போட முடியும்" என்றார் அப்பா. அவர் வேன் ஓட்டுகிறவர். "ஒவ்வொண்ணுக்கும் பணம் கட்டணும். அஞ்சுக்கு மேல தாங்காது."

"அஞ்சு போதும் அத்தான்" என்றார் மாமா. அவர் அம்மாவின் தம்பி. பேருந்து நிலையத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். "எந்தக் காலேஜ் நல்ல காலேஜ்னு என்னைக் கேளுங்க. எந்த விண்ணப்பத்தைப் பசங்க நிறைய நகல் எடுக்குறாங்களோ, அதுதான். பதினஞ்சு வருஷமா பாக்குறேன். இந்தா, முதல் அஞ்சு." பெரிய கட்டடப் புத்தகங்கள் ஐந்தை எடுத்து வரிசையாக வைத்தார்.

அக்கா அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. குனிந்து எதையோ தேடிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, ஒரு ஒத்தைத் தாள் இங்க இருந்துச்சே? படம் எதுவும் இருக்காது. அச்சு இயந்திரப் படிப்புன்னு போட்டிருக்கும்."

"படமே இல்லாத காலேஜா?" என்று சிரித்தார் மாமா. "விடு, விடு. காத்துல போயிருக்கும்."

பொடிசு அவசர அவசரமாகத் தண்ணீர் குடித்தாள். அந்தத் தாள் எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். அவளுடைய புவியியல் புத்தகத்துக்குள்.

திருட வேண்டும் என்று எடுக்கவில்லை. பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. கோபம் வந்தால் பொடிசுக்குப் படம் வரைய வேண்டும். அன்றைக்கு நிறையக் கோபம் இருந்தது. அந்தப் படத்தோடு தாளை எப்படித் திருப்பிக் கொடுப்பது?

அக்கா மேசைக்கு அடியிலும் தேடினாள். பொடிசு வாயைத் திறக்கவில்லை. 'தேடட்டும். ஒரு நாளாவது அவளுக்குக் கிடைக்காம போகட்டும்.'

*

சனிக்கிழமை அக்காவின் சான்றிதழ்களை நகல் எடுக்கப் பொடிசைத்தான் கடைக்கு அனுப்பினார்கள். அதுவும் எரிச்சல். அக்காவுக்குப் படிப்பு, இவளுக்கு எடுபிடி.

"வா வா" என்றார் மாமா. "மெஷின்ல மறுபடி பேப்பர் சிக்கிடுச்சு. உங்க அக்கா வந்திருந்தா ரெண்டு நிமிஷத்துல எடுத்திருப்பா. அவ கை பட்டா இது பூனைக்குட்டி மாதிரி அடங்கும்."

இங்கேயும் அக்கா! பொடிசு உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

கடைசியில் மாமாவே திட்டித் திட்டிக் காகிதத்தை உருவி எடுத்தார். வரிசையில் நின்றவர்களின் தாள்களை வாங்கி மாமாவிடம் நீட்டுவது பொடிசின் வேலை. நீட்டும்போது மதிப்பெண் பட்டியல்கள் கண்ணில் பட்டன. தொண்ணூற்றொன்று. எண்பத்தெட்டு. தொண்ணூற்று நான்கு. எல்லாரும் அந்தப் பெரிய ஐந்து கல்லூரிகளுக்குத்தான்.

ஐம்பத்தெட்டு ஒன்றுகூட இல்லை.

பொடிசுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. அக்காவுக்கு இடம் கிடைக்காது! ஒன்றில்கூடக் கிடைக்காது! நாக்கில் சர்க்கரை வைத்தது போல் இருந்தது. இந்தச் சேதியை யாரிடமும் சொல்லாமல் வைத்துக்கொண்டால் இன்னும் இனிப்பாக இருக்கும் என்று தோன்றியது.

வரிசையில் கடைசியாக ஒரு பெண் வந்தாள். அக்காவைவிட ஒரு வயது கூட இருக்கும். அவள் நீட்டிய தாளைப் பார்த்ததும் பொடிசின் கை நின்றது. அதே ஒற்றைத் தாள். அச்சு இயந்திரப் படிப்பு.

"இந்தக் காலேஜா?" என்று கேட்டாள் பொடிசு. "இதுல படமே இல்லையே?"

அந்தப் பெண் சிரித்தாள். "படம் இருந்த அஞ்சு காலேஜுக்குப் போன வருஷம் போட்டேன். அஞ்சும் இல்லைன்னுடுச்சு. நான் வாங்கினது ஐம்பத்தொன்பது. இது எனக்கு எட்டும்னு சொல்ல ஆளில்லை."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, ஒரு வருஷம் வீட்லதான். தினமும் எல்லாரும் என்னைச் சுத்தி உக்காந்து, அடுத்து என்ன, அடுத்து என்னன்னு ஒரே பேச்சு. எங்க தம்பி பாவம், வீட்ல அவன்னு ஒருத்தன் இருக்கிறதையே மறந்துட்டாங்க. சீக்கிரம் குடு பாப்பா, வெள்ளிக்கிழமை கடைசி நாள்."

ஒரு வருஷம்!

பொடிசின் நாக்கில் இருந்த சர்க்கரை கரைந்து போனது. பதினெட்டு நாளுக்கே கால் மரத்துவிட்டது. இன்னும் ஒரு வருஷம் தரையில் சாப்பாடா? ஒரு வருஷம் 'தள்ளி உக்காரு'வா?

இல்லவே இல்லை. அக்காவைக் கல்லூரியில் சேர்த்தே ஆக வேண்டும். அன்பினால் இல்லை. மேசைக்காக.

*

வீட்டில் அக்கா தனியாக இருந்தாள். அம்மா மருந்துக்கடை வேலைக்கும் அப்பா வேன் எடுக்கவும் போயிருந்தார்கள். அக்கா ஒரு புத்தகத்தின் மேல் கன்னத்தை வைத்துப் படுத்திருந்தாள். பளபள அட்டை நனைந்திருந்தது.

"அழறியா?" என்றாள் பொடிசு.

"இல்லை. கண்ல வேர்க்குது."

"உனக்கு என்ன குறை? எல்லாரும் உன்னையேதான் பாக்குறாங்க."

"பாக்குறாங்க" என்றாள் அக்கா. "பல் டாக்டர் பாக்குற மாதிரி பாக்குறாங்க. எங்க சொத்தை, எங்க ஓட்டைன்னு. என்னால வாயை மூடவும் முடியல, திறந்து பேசவும் முடியல. நீ கொடுத்துவெச்சவ. தொண்ணூத்தாறு வாங்கிட்டு நிம்மதியா ஒரு ஓரத்துல உக்காந்து சாப்பிடற."

பொடிசு திகைத்துப் போனாள். அந்த ஓரத்தின் மேல் ஒருவருக்குப் பொறாமையா? தரையின் மேலா?

கைக்குக் கிடைத்த புத்தகத்தைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள். அது அம்மாவிடமிருந்து வந்த பழக்கம். மருந்துக்கடையில் அம்மா எந்தப் பெட்டியையும் திருப்பிப் பார்க்காமல் யாருக்கும் கொடுக்க மாட்டாள். முன்பக்கம் பெயர் மட்டும்தான், விஷயமெல்லாம் பின்பக்கம் இருக்கும் என்பாள்.

கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு கட்டம் இருந்தது. 'சென்ற ஆண்டு இடம் பெற்றவர்களின் குறைந்தபட்ச மதிப்பெண்: 87.' அதற்குக் கீழே கட்டணம். விடுதிக்குத் தனி.

"அக்கா, இதைப் பாத்தியா?"

அக்கா எழுந்து உட்கார்ந்தாள். "யாரும் கடைசிப் பக்கத்துக்குப் போகவே இல்லையே. முதல் பக்கத்துக் கட்டடத்துலயே நின்னுட்டாங்க."

இருவரும் எல்லாப் புத்தகங்களையும் குப்புறப் போட்டார்கள். பொடிசு, மாமா கடையில் தாள் கட்டுகள் அடுக்கியிருக்கும் உயரமான அலமாரியை நினைத்துக்கொண்டு மூன்று அடுக்காகப் பிரித்தாள்.

"இது நின்னா எட்டும். இது எக்கினா எட்டும். இது ஏணி போட்டாத்தான் எட்டும்."

மாமாவின் ஐந்தும் ஏணிப் பக்கம் போயின. நின்றால் எட்டும் பக்கத்தில் ஒரே ஒரு புத்தகம் இருந்தது.

"இன்னொண்ணு இருந்துச்சு" என்றாள் அக்கா. "அந்த ஒத்தைத் தாள். எனக்குப் பிடிச்சது அதுதான். நகல் மெஷின் எப்படி ஓடுது, எங்க சிக்குதுன்னு பாக்கப் பாக்க எனக்கு அலுக்கவே இல்லை. அதைச் சொன்னா மாமா சிரிப்பாங்க."

பொடிசின் காது சூடாகிவிட்டது.

*

சாயங்காலம் மேசையைச் சுற்றி எல்லாரும் உட்கார்ந்தார்கள். பொடிசு நின்றாள்.

"மாமா, உங்க கடையில நகல் எடுத்தவங்களுக்கெல்லாம் இடம் கிடைச்சுச்சா?"

"அது எப்படித் தெரியும்? நகல் எடுத்துட்டுப் போனவங்க அதைச் சொல்லத் திரும்பி வருவாங்களா என்ன?"

"ஒருத்தங்க வந்தாங்க" என்று பொடிசு அந்தப் பெண்ணின் கதையைச் சொன்னாள்.

மாமா மூக்கைச் சொறிந்தார். பதினைந்து வருட அனுபவம் கொஞ்சம் ஆட்டம் கண்டது போல் இருந்தது.

"அம்மா, நீ மருந்துப் பெட்டியைத் திருப்பிப் பாத்துத்தானே கொடுப்ப? இதை ஏன் திருப்பவே இல்லை?"

அம்மா முதல் புத்தகத்தைத் திருப்பினாள். படித்தாள். அடுத்ததைத் திருப்பினாள். அவள் முகம் வாடியது. "என் பொண்ணுக்கு இந்தக் கட்டடத்துல ஒண்ணுகூட இல்லையா?"

"கட்டடம் எதுக்குமா?" என்றாள் அக்கா மெதுவாக. "நான் படிக்கத்தானே போறேன்."

அப்பா கட்டணத்தைப் பார்த்துவிட்டு, "இந்த விடுதிக் காசுக்கு என் வேனை வித்தாலும் பத்தாது" என்றார். "பக்கத்துல ஏதாவது இருக்கா?"

இனி ஒளிக்க முடியாது. பொடிசு புவியியல் புத்தகத்துக்குள்ளிருந்து அந்தத் தாளை எடுத்து மேசையில் வைத்தாள். "இது இருக்கு. ரெண்டு பஸ் மாறினா போதும். கட்டணம் கம்மி. வெள்ளிக்கிழமை கடைசி நாள். எல்லா விவரமும் முன்பக்கமே இருக்கு, திருப்ப..."

அம்மா திருப்பிவிட்டாள். இப்போதுதான் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பழகியிருந்தாளே!

பின்பக்கத்தில் ஒரு மேசை. அதன் மேல் கிரீடம் வைத்த அக்கா, முறத்தளவு மூக்கோடு. அம்மாவும் அப்பாவும் மாமாவும் அவளுக்கு விசிறுகிறார்கள். கீழே, தரையில், தட்டோடு ஒரு எறும்பு. எறும்புக்கு ஒரு அம்புக்குறி. 'நான்.'

மாமா வெடித்துச் சிரித்தார். அக்கா, "அடிப்பாவி, இதைத்தான் நான் வீடு முழுக்கத் தேடினேன்!" என்று பொடிசின் காதைப் பிடித்தாள். பிறகு தாளை உற்றுப் பார்த்து, "என் மூக்கு இவ்ளோ பெரிசா?" என்றாள்.

அம்மா சிரிக்கவில்லை. எறும்பின் மேல் விரலை வைத்திருந்தாள்.

"இந்த எறும்பு எத்தனை நாளா கீழ இருக்கு?"

"பதினெட்டு" என்றாள் பொடிசு.

அம்மா இரண்டு கையாலும் ஏணிப் புத்தகங்களை மேசையின் ஓரத்துக்குத் தள்ளினாள். அப்பா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்காரு" என்றாள் அம்மா. "அந்த அஞ்சை நீயே சொல்லு."

நின்றால் எட்டுவது இரண்டு. எக்கினால் எட்டுவது இரண்டு. ஐந்தாவதாக அம்மா ஒரு ஏணிக் கல்லூரியைக் காட்டினாள். "இது எனக்காக. ஆசைக்கு ஒண்ணு இருக்கட்டுமே."

*

ஏணிக் கல்லூரியிலிருந்து இரண்டே வரியில் 'வருந்துகிறோம்' என்று பதில் வந்தது. அம்மா அதை இரண்டு முறை படித்துவிட்டு மடித்து வைத்தாள். எக்கினால் எட்டுவதில் ஒன்று கிடைத்தது. விடுதி இல்லாமல் முடியாது என்பதால் விட்டுவிட்டார்கள். ஒற்றைத் தாள் கல்லூரி, வந்து சேரச் சொல்லி எழுதியிருந்தது.

அக்கா துள்ளிக் குதித்தாள். அவளுக்குப் புதுப் பை வாங்கினார்கள். மூன்று ஜிப் வைத்தது. பொடிசுக்கு அந்தப் பையின் மேல் பொறாமை வந்தது. ஆனால் இந்த முறை ஒரு ஜிப் அளவுக்குத்தான்.

சேரும் நாளன்று அம்மா, அக்கா, பொடிசு மூவரும் இரண்டு பஸ் மாறிப் போனார்கள். கல்லூரி ஒரு பழைய மஞ்சள் கட்டடம். உள்ளே எங்கோ ஒரு இயந்திரம் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. அக்கா கழுத்தை நீட்டி நீட்டி அந்தப் பக்கமே பார்த்தாள். அதனால் படிவத்தைப் பொடிசுதான் நிரப்பினாள்.

அலுவலகத்தில் இருந்த எழுத்தர் கண்ணாடிக்கு மேல் பார்த்தார். "ஒரு கட்டம் காலியா இருக்கே. 'மாணவியை அழைத்து வந்தவர்'னு இருக்கு பாருங்க. அம்மா, உங்க பேரை எழுதச் சொல்லுங்க."

"நான் சும்மா கூட வந்தேன் சார்" என்றாள் அம்மா. "இவளை இங்க கூட்டிட்டு வந்தது இந்தச் சின்னவதான்."

எழுத்தர் பொடிசை மேலும் கீழும் பார்த்தார். மேலும் கீழும் பார்க்க அங்கே அதிக இடம் இல்லை.

"பெரியவங்க பேர்தானே போடணும்..." என்று இழுத்தார். பிறகு மூன்று முகங்களையும் பார்த்துவிட்டுப் பேனாவை நீட்டினார். "சரி, எழுது."

பொடிசு தன் முழுப்பெயரை, பள்ளிக்கூடப் பெயரை, எழுதினாள். எவ்வளவு பெரிதாக எழுதினாள் என்றால், கடைசி இரண்டு எழுத்துகளுக்குக் கட்டத்துக்குள் இடமே இருக்கவில்லை.