நாலு வேளைக் கொலை

டிரிங்ங்ங்!

ஏற்காடு பஜாரில் அமீர் ஜானின் மருந்துக் கடை போன் அலறியது.

எடுத்தார்.

"யோவ் பாய்! எங்கப்பாவக் கொன்னுட்டியேய்யா!"

அமீர் ஜானின் கையிலிருந்த டீ கிளாஸ் நழுவியது. அது உடைந்த சத்தம் சேலம் வரைக்கும் கேட்டிருக்கும்!

"யா... யாருங்க?"

"வாழவந்தி எஸ்டேட் ஸ்தனிஸ்லாஸ்! நீ குடுத்த காய்ச்சல் மாத்திரை அத்தனையும் போலி! இன்ஸ்பெக்டரு ஜீப்புல வர்றாரு. ஓடிக்கீடிப் போயிராத!"

டொக்!

முப்பது வருஷக் கடை. தேதி முடிந்த இருமல் மருந்து ஒரு சொட்டுகூட விற்றதில்லை. போலி மாத்திரைக் கேஸ் என்றால் கடைக்கு சீல்... அவருக்குக் கம்பி!

ரிசீவரை வைத்துத் திரும்பினால், வாசலில் இன்ஸ்பெக்டர் குழந்தைவேலின் மீசை. அதற்குப் பின்னால் குழந்தைவேல்.

"ஏறும்யா ஜீப்புல!"

ஏறினார்.

"மொதல்ல டாக்டரு பெனிசிலின் ஊசி போட்டாரு. கேக்கல. அப்புறம் உம்ம கடை மாத்திரை. அதுவும் கேக்கல. என்னத்தய்யா அடைச்சு வித்தே... சாக்பீஸ் பொடியா?"

"சார், பெனிசிலின் கிருமியோட ஊட்டுச் சுவத்த இடிக்குமுங்க. ஆனா பெரியவருக்கு வந்தது உண்ணிக் காய்ச்சல். இந்தக் கிருமி நம்ம செல்லுக்குள்ளயே பூந்து குடியிருக்கும். பெனிசிலினுக்கு அங்க வேலையில்ல. நான் குடுத்த டெட்ராசைக்ளின் மாத்திரை உள்ளார போயி அதோட அடுப்பையே அணைச்சிரும். கிருமி பெருகாது. ரெண்டு மூணு நாள்ல காய்ச்சல் எறங்கணுமுங்க!"

"காய்ச்சல் எறங்கலய்யா. ஆளுதான் குழிக்குள்ள எறங்கப் போறாரு!"

எஸ்டேட் பங்களா.

கட்டிலில் பெரியவர் சூசைமாணிக்கம்... பிணமாக! தலைமாட்டில் மருமகள் மரியபுஷ்பம் விசும்பிக்கொண்டிருந்தாள். வாசலில் நின்ற எஸ்டேட் ஆட்கள் அமீர் ஜானைப் பார்த்த பார்வையில் பச்சைக் காப்பிக்கொட்டை வறுபட்டிருக்கும்!

ஸ்தனிஸ்லாஸ் பாய்ந்து வந்து அவர் சட்டையைப் பிடித்தான்.

"கொலைகாரா! உன் கடையக் கொளுத்தாம விடமாட்டேன்!"

"கைய எடுங்க தம்பி."

அமீர் ஜானின் கண்கள் கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலுக்குப் போயின. மாத்திரைப் பாட்டில். அதன் அருகே... ஆடை காய்ந்து ஒட்டிய பெரிய டம்ளர்!

"அம்மா, மாத்திரைய எப்படிக் குடுத்தீங்க?"

"நாலு வேளையும் தவறாமக் குடுத்தனுங்க. மாத்திரை நொம்ப சூடாமா... அதனால ஒவ்வொரு வேளைக்கும் இந்த டம்ளர் நெறையப் பாலு."

அமீர் ஜானுக்குப் புரிந்துவிட்டது.

ஆனால் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் ஓர் ஆள் உஷாராகிவிடுவான்!

சட்டென்று ஸ்தனிஸ்லாஸின் கழுத்தைக் குனிந்து பார்த்தார்.

"அய்யய்யோ! தம்பி, உங்களுக்கும் ஒடம்பு சுடுதுங்களா?"

"ஏ... ஏன்?"

"கழுத்துல உண்ணி கடிச்ச தடம்! உங்கப்பாருக்கும் இப்படித்தானே ஆரம்பிச்சுது?"

ஸ்தனிஸ்லாஸின் முகம் சுண்ணாம்பு அடித்த சுவரானது. கை கழுத்துக்குப் போனது.

"பாய்... மருந்து?"

"அந்தப் போலி மாத்திரைதான் இருக்குது. போடறீங்களா?"

பேசி முடிப்பதற்குள் பாட்டில் திறந்து, மாத்திரை அவன் நாக்கில்!

"அம்மா, சூட்டு மாத்திரையாச்சே... பால் கொண்டாங்க!" என்றார் அமீர் ஜான்.

மரியபுஷ்பம் உள்ளே ஓடிப் பாலுடன் வந்தாள்.

"பாலா?" மாத்திரையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு கத்தினான் ஸ்தனிஸ்லாஸ். "அறிவு இருக்குதாடி உனக்கு? பால்ல போட்டா மருந்து ஒடம்புல சேராது! தண்ணி குடு!"



 

மரியபுஷ்பம் மெல்ல நிமிர்ந்தாள்.

"ஏனுங்க... அப்புறம் மாமாவுக்கு மட்டும் வேளை தவறாம நீங்களே பாலக் கொண்டாந்து, மாத்திரையோட குடுக்கச் சொன்னீங்களே?"

கன்னத்தில் ஒதுக்கிய மாத்திரை ஸ்தனிஸ்லாஸின் வாயிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது.

"பால்ல இருக்கற சுண்ணாம்புச் சத்து இந்த மருந்தக் கெட்டியாப் புடிச்சுக்கும் சார்," என்றார் அமீர் ஜான். "பாதிக்கு மேல ரத்தத்துல சேராது. மாத்திரை வாங்க வந்தப்பவே பாலோட குடுக்கக் கூடாதுன்னு இவருகிட்டப் படிச்சுப் படிச்சுச் சொன்னேன். சாட்சிக்கு ஈ காக்கா இல்ல. அதான் இவரு வாயாலயே வரவெச்சேன்."

"எதுக்கும்மா பெத்த அப்பனையே..." என்று குழந்தைவேல் மருமகள் பக்கம் திரும்பினார்.

"வர்ற திங்கக்கெழம மாமா எஸ்டேட்ட என் பேருக்கு எழுதறதா இருந்தாருங்க..."

கிளிக்! விலங்கு பூட்டியது.

ஸ்தனிஸ்லாஸ் விலங்குக் கையால் கழுத்தைத் தடவினான். "பாய்... ஜெயிலுக்கு வேணா போறேன். இந்த உண்ணிக் கடிக்கு வழி சொல்லுங்க!"

"உண்ணியா? எறும்புங்க அது!" அமீர் ஜான் கலைந்த சட்டையை நீவிவிட்டுக்கொண்டார். "நாலு வேளையும் பாலும் கையுமா அலைஞ்சா, எறும்பு கடிக்காமக் கொஞ்சுமா?"