கோட்டைத் தாண்டிய வட்டம்

டிராக்டர் தொழிற்சாலையில் அப்பாவுக்கு வரைபடம் வரையும் வேலை. அந்த வேலை பறிபோன குளிர்காலத்தில், ரசீன் நகரில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை முழுக்க எழுத்துகள் வந்து உட்கார்ந்துகொண்டன.

கடைப் பலகைகளுக்கும் சுவரொட்டிகளுக்கும் புதிய எழுத்துரு ஒன்றை வரைந்து அனுப்பச் சொல்லியிருந்தது, ஒரு சிகாகோ நிறுவனம். பிடித்திருந்தால் அப்பாவுக்கு அங்கே வேலை.

அப்பாவின் எழுத்துகள் குண்டு குண்டாக இருந்தன. ஒன்றிலும் கூர்முனை கிடையாது. B-யைப் பார்த்தால் கன்னத்தைக் கிள்ளத் தோன்றும்.

ஆனால் அனுப்பியது திரும்பி வந்தது. கூடவே ஒரு கடிதம்: 'வட்ட எழுத்துகள் சிறியதாகத் தெரிகின்றன. வெள்ளிக்கிழமைக்குள் சரிசெய்யவும். இதுவே கடைசி வாய்ப்பு.'

அப்பா அளவுகோலை வைத்துப் பார்த்தார். H மூன்று அங்குலம். O-வும் மூன்று அங்குலம்.

"முடியளவுகூட வித்தியாசம் இல்ல. அவங்களுக்குத்தான் கண்ணு சரியில்ல!"

அக்கா கொரீனுக்குப் பத்து வயது. எனக்கு ஆறு. அவள் நாற்காலிமேல் ஏறி நின்று பார்த்தாள்.

"இல்லப்பா, O நிஜமாவே சின்னதாத்தான் தெரியுது. டேலோட பிஸ்கட் மாதிரி."

"என் பிஸ்கட்டுக்கு என்னவாம்?" என்றேன் நான்.

அக்காவின் முகம் சிவந்துவிட்டது.

எங்கள் வீட்டில் பிஸ்கட் வெட்ட இரண்டு அச்சுகள் உண்டு. ஒன்று சதுரம், ஒன்று வட்டம். இரண்டும் ஒரே அகலம். எனக்கு வட்டம்தான் வேண்டும். கையில் வாங்கியதும், "அக்காவோடதுதான் பெரிசு!" என்று அழவும் வேண்டும்.

"நீ அழக்கூடாதுன்னுதான்டா... வட்ட அச்சை ஒளிச்சு வெச்சிட்டு, ஜாம் பாட்டில் மூடியால வெட்ட ஆரம்பிச்சேன். மூடி கொஞ்சம் பெரிசு. அப்புறம் ரெண்டும் ஒண்ணாத் தெரிஞ்சுது. நீயும் அழுகையை நிறுத்திட்ட."

அப்பா பென்சிலைக் காதில் செருகினார். "அப்போ O-வைக் கோட்டைத் தாண்டி வரையச் சொல்றியா? தொழிற்சாலையில இப்படி வரைஞ்சா சக்கரம் கழண்டு ஓடிடும்மா!"

"இது சக்கரம் இல்லையேப்பா. எழுத்து. பாக்கறதுக்குத்தானே?"

அப்பா காதிலிருந்த பென்சிலை உருவினார். புதிய தாளை எடுத்தார். மேல்கோட்டுக்கு மேலே இம்மியளவு, கீழ்க்கோட்டுக்குக் கீழே இம்மியளவு நீட்டி, O-வை வரைந்தார். மூவரும் வாசற்கதவுவரை பின்னால் போய் நின்று பார்த்தோம்.

H-உம் O-வும் ஒரே உயரத்தில் நின்றன.

"அட!" என்றார் அப்பா. அன்றே C, G, S, Q எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் வளர்ந்தன.

அப்பாவுக்கு வேலை கிடைத்தது. கடிதம் வந்த சனிக்கிழமை, நானே ஜாம் மூடியை எடுத்து அக்காவுக்கு ஒரு வட்ட பிஸ்கட் வெட்டினேன். ஒரு பக்கம் கோணல். "ரொம்பப் பெரிசுடா!" என்று சொல்லிக்கொண்டே முழுவதையும் தின்றாள்.

எனக்கு இப்போது தலை நரைத்துவிட்டது. அக்கா இறந்து இரண்டு வருடமாகிறது. எங்கள் தெருமுனைச் சலவைக் கடைப் பலகையில் அந்தக் குண்டு எழுத்துகள் இன்னும் இருக்கின்றன. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் O-வைப் பார்ப்பேன். மேலே கொஞ்சம், கீழே கொஞ்சம், கோட்டைத் தாண்டியே நிற்கிறது, நான் அழக்கூடாது என்று.