மூன்றாவது டிராக்

அட்டைப்பெட்டியின் டேப்பை ஜோனதன் தன் கையால்தான் கிழித்தான். ஆனாலும் பிளக்கைச் சொருகியதும், எதுவுமே பதியாத அந்தப் புது கிடார் பெடலில் மூன்றாவது டிராக்கின் பச்சை விளக்கு எரிந்தது. கடையில் யாராவது தட்டிப் பார்த்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டான்.

ஹாங்காங் தோல் கண்காட்சிக்குப் போன முதலாளியிடம் சொல்லி அதை வரவழைத்துத் தந்தவன் அவன் தோஸ்த் நயீம் அகமது, தோல் தொழிற்சாலையில் ஷிப்ட் சூப்பர்வைசர். கிடாரில் வாசிப்பதைக் காலால் அழுத்திப் பதிந்தால், நிறுத்தும்வரை அதையே மாறாமல் சுற்றிச் சுற்றி வாசிக்கும். அதன் மேல் இன்னொன்று, அதற்கும் மேல் இன்னொன்று என்று மூன்று டிராக். ஆம்பூரில் ஒற்றை ஆள் ஒரு பாடகர் குழுவாகிவிடலாம்.

அதுதான் தம்பி ஆபேலுக்குப் பொறுக்கவில்லை. சபையில் அண்ணனுக்கு இரண்டாம் குரல் அவன்தான். அதே தொழிற்சாலையில் மாலை ஷிப்டுக்குக் கிளம்பும்போது மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டான்.

"இனிமே நான் எதுக்கு? இதுவே பாடிக்கும் இல்ல?"

"லூசு மாதிரி பேசாதடா. நீ வந்ததும் சேர்ந்து பாடலாம்."

ஆபேல் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான். ஜோனதனுக்கு மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. பெடலில் கால் வைக்கும்வரை.

வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. மனைவி ஃபீபி வேலூரில் டியூட்டியில் இருந்தாள். முதல் டிராக்கில் நாலு கிடார் கார்டு வாசித்துப் பதிந்தான். கால் எடுத்த இடத்திலிருந்தே அது பிசிறில்லாமல் திரும்பி வந்து, அறை முழுக்க இன்னொரு ஜோனதன் உட்கார்ந்து வாசிப்பதுபோல் ஓடியபோது, தனியாகச் சிரித்துக்கொண்டான். இரண்டாவதில் மைக்கை இணைத்து மெதுவாக ஒரு ராகத்தை முனகிப் பதிந்தான். அது சுற்றி வந்தபோதுதான், பாட்டுக்கு அடியில், மரத்தை மரம் தட்டுகிற சத்தம் கேட்டது.

டொக். டொக் டொக்.

மைக்கைப் பிடுங்கினான். நிற்கவில்லை. ஹெட்போனை மாட்டிக்கொண்டான். கிடாரும் முனகலும் ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில் வந்தன. தட்டல் மட்டும் மாறி மாறி வந்தது. ஒரு சுற்றில் வேகமாக, அடுத்ததில் களைத்து, அப்புறம் கொஞ்சம் நின்று, மறுபடியும். இது பதிவு இல்லை. யாரோ இப்போதுதான் தட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஜன்னலெல்லாம் சாத்தியிருந்த அறையில் சுண்ணாம்பும் ஈரத்தோலும் கலந்த நாற்றம் அடித்தது.

பிறகு ஓர் இருமல்.

தெரிந்த இருமல்.

 பயத்தில் வேறொன்றும் தோன்றாமல், இன்னும் பச்சையாக எரிந்துகொண்டிருந்த மூன்றாவது டிராக்கை அழிக்கும் பொத்தானைக் காலால் அழுத்தி, விளக்கு அணையும்வரை பிடித்துக்கொண்டான்.

தட்டல் நின்றது.

அப்பாடா என்று மூச்சு விட்ட பிறகுதான் அது ஞாபகம் வந்தது. தோல் பதனிடும் அந்தப் பெரிய மரப் பீப்பாயை டிரம் என்பார்கள். அதைக் கழுவ ஆள் உள்ளே இறங்கினால், கட்டையால் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். தட்டல் கேட்கிறவரை வெளியில் இருப்பவன் சுவிட்சைத் தொட மாட்டான். நின்றால், ஆள் வெளியே வந்துவிட்டான் என்று அர்த்தம். ஆபேல்தான் சாப்பிடும்போது சொல்லியிருக்கிறான்.

நயீமுக்குப் போன் போட்டான்.

"ஆபேல் எங்க?"

"இன்னா ஜோனா, பேஜாரா பேசுற? டிரம் கழுவிக்கினு இருந்தான். தட்டுறது நின்னுச்சு, முடிச்சுட்டான் போல. வெளியே நின்ன மூர்த்தி இப்பதான் சுவிட்ச் போட்டான்."

"நிறுத்தச் சொல்லு! உள்ள இருக்கான்! நயீமு, நிறுத்துடா!"

போனில் ஓட்டம். கத்தல். யாரோ அழுதார்கள். பிறகு லைன் இல்லை.

அறையில் மூன்றாவது விளக்கு தானாக எரிந்தது.

ஜோனதன் ஸ்டாப்பை மிதித்தான். மறுபடி மிதித்தான். ஒயரைச் சுவரிலிருந்து பிடுங்கினான்.

விளக்கு அணையவில்லை. கனமான மரம் உருளும் சத்தம். தண்ணீர். ஒரு சுற்றுக்கு ஒருமுறை, மெத்தென்று ஏதோ விழுந்தது. அதற்குச் சற்று முன்னால், "அண்ணா" என்று ஒரு குரல்.

இப்போது எதுவும் மாறவில்லை. கிடாரோடும் முனகலோடும் சேர்ந்து, ஒவ்வொரு சுற்றிலும், அதே இடத்தில்.

"அண்ணா."

"அண்ணா."