கடோவாகி தும்மினார்

மார்ச் மாதம் வந்துவிட்டால் போதும், கடோவாகி சாருக்குத் தும்மல் வந்துவிடும். மலையில் நிற்கும் ஊசியிலை மரங்களின் மகரந்தம் யவதஹாமா ஊர் முழுவதையும் சுற்றிப் பார்த்துவிட்டு, நேராக நான்காம் வகுப்புக்குள் நுழைந்து அவர் மூக்கில் உட்காரும். முகமூடிக்குள்ளிருந்து மூன்று தும்மல். இரண்டும் இல்லை, நான்கும் இல்லை. எப்போதும் மூன்றுதான்.

அந்த வகுப்பில் படிக்கும் மினோரி, தன் கையடக்க வீடியோ கேம் பெட்டியில் ஒரு மொபுராவைப் பிடித்தாள். அந்த விளையாட்டில் புல்லுக்குள் ஒளிந்திருக்கும் விசித்திரப் பிராணிகளைப் பிடித்து, வளர்த்து, மோதவிட வேண்டும். மொபுரா எலி மாதிரி இருக்கும். உடம்பு உள்ளங்கை அளவு, காது தட்டு அளவு. அதற்குத் தெரிந்த ஒரே பெரிய வித்தை, தும்முவது. அதுவும் விடாமல் மூன்று முறை தும்மும்.

‘பெயர் வைக்கவும்’ என்று திரை கேட்டது. மினோரியின் விரல் சும்மா இருக்குமா? ‘கடோவாகி’ என்று தட்டிவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். யார் பார்க்கப் போகிறார்கள்?

பக்கத்து வீட்டு ஷூஹேய் பார்த்தான். அவனும் அவள் வகுப்புதான். அதே விளையாட்டில் அவளுடையது சிவப்பு கேசட், அவனுடையது நீலம். நீலத்தில் என்ன தவம் செய்தாலும் மொபுரா கிடைக்காது. இரண்டு வாரம் கெஞ்சிக் கெஞ்சி, ஓர் ஆமையைக் கொடுத்து, இரண்டு பெட்டிகளையும் இணைக்கும் கேபிள் வழியாக எலியை வாங்கிக்கொண்டான். பெயரும் கூடவே போயிற்று. முதலில் பிடித்தவரைத் தவிர வேறு யாராலும் பெயரை மாற்ற முடியாது. அது அந்த விளையாட்டின் சட்டம்.

வருடா வருடம் மார்ச்சில், ஆறாம் வகுப்பை முடித்துப் போகிறவர்களுக்கு அவர்கள் தெருச் சிறுவர் மன்றம் விருந்து வைக்கும். வழக்கமாக வினாடி வினா நடக்கும். இந்த வருடம் பிள்ளைகள் எல்லோரும் கையைத் தூக்கி, வீடியோ கேம் போட்டிதான் வேண்டும் என்று சாதித்துவிட்டார்கள்.

ஒரு சிக்கல் இருந்தது. திரையோ தீப்பெட்டி அளவு. அரங்கில் பாயில் உட்கார்ந்திருக்கும் நாற்பது பேருக்கும் எப்படித் தெரியும்? அதனால் திரையில் வரும் ஒவ்வொரு வரியையும் ஒருவர் மைக்கில் படிக்க வேண்டும் என்று முடிவானது. அதே தெருவில் குடியிருப்பவர், ஊரிலேயே பெரிய குரல் உள்ளவர் யார்? கடோவாகி சார்தான்.

சனிக்கிழமை, இறுதிப் போட்டிக்குச் சற்று முன்புதான் மினோரிக்கு உறைத்தது.  ஷூஹேயின் சட்டையைப் பிடித்து மூலைக்கு இழுத்தாள்.

“டேய், அந்த எலிய மட்டும் இறக்காதடா!”

“ஏன்டி? ஒரு தடவ இறக்கினத மறுபடி இறக்கக் கூடாதுன்னு மன்றத்துல சொல்லிட்டாங்க. என்கிட்ட மிச்சம் இருக்கறதே அது ஒண்ணுதான்.”

“அதோட பேரு என்னன்னு நினைச்சுப் பாரு. மைக்கு யார் கையில இருக்குன்னும் பாரு!”

ஷூஹேய் பார்த்தான். அவன் முகம் வெளுத்துப்போனது.

“என்கிட்ட திருப்பிக் குடு, சட்டுனு பேர மாத்திடறேன்.”

“எப்படிக் குடுக்கறது? இருக்கறதே ரெண்டு கேபிள். ஒண்ணு பழுது, இன்னொண்ணு மேடையில மாட்டியிருக்கு.” ஷூஹேய் மேடையைப் பார்த்தான். “விடு. நீதான் வெச்சேன்னு நான் சொல்ல மாட்டேன்.”

எதிராளி ஆறாம் வகுப்பு கோரோ. அவனிடம் இருந்தது நெருப்பு கக்கும் பறவைநாகம். இருவரும் மேடையில் உட்கார்ந்தார்கள். சார் குனிந்து திரையைப் பார்த்து முழங்கினார்.

“கோரோ பறவைநாகத்தை இறக்குகிறான்! ஷூஹேய் இறக்குவது... கடோவா...”

மைக் கீச்சென்று கத்தியது.  சாரின் காது இரண்டும் சிவந்துபோயின. ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் மூன்று தும்மல் வந்துவிட்டது.

மன்றத் தலைவி ஹமகுச்சி அம்மா எழுந்து வந்து திரையை எட்டிப் பார்த்தார். “சொல்லிக்குடுக்கற சாரோட பேர எலிக்கா வெப்பாங்க? ஷூஹேய், பெட்டிய அணைச்சு வெச்சுட்டு இறங்கு. நீ போட்டியில கிடையாது.”

 ஷூஹேய் மினோரியின் பெயரைச் சொல்லவில்லை. பெட்டியை அணைக்க விரலைக் கொண்டுபோனான்.

 மினோரி பாயிலிருந்து எழுந்து நின்றாள்.

“அணைக்காதடா! சார், அந்தப் பேரு நான் வெச்சது. அவனால மாத்தவும் முடியாது சார். அவன இறக்கிவிடாதீங்க.”

எல்லாத் தலைகளும் திரும்பின. சார் முகமூடியை இறக்கினார். கோபமா, வருத்தமா, ஒன்றும் தெரியவில்லை.

“ஏம்மா என் பேரு?”

“அதுவும் மூணு தடவ தும்மும் சார்.”

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்து, வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

“அவ்வளவுதானா?”

“முதல்ல அவ்வளவுதான் சார்.” மினோரி தன் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “அப்புறம் வளர்த்துப் பார்த்தேன். மத்த பிராணியெல்லாம் நாலு அடி விழுந்தா சுணங்கிடும். இது மட்டும் தும்மிக்கிட்டே திரும்பத் திரும்ப எழுந்திரிக்கும். எனக்கு மைதானத்துக் கம்பியில தலைகீழா சுத்தவே வராதுல்ல, அப்ப நீங்க மூணு வாரம் தினமும் தும்மிக்கிட்டே பக்கத்துல நின்னீங்களே. அந்த மாதிரி. தப்புதான் சார். மன்னிச்சிருங்க.”

 சார் ஹமகுச்சி அம்மாவைப் பார்த்தார்.

“அம்மா, அந்த எலி என்ன பண்ணுச்சு பாவம்? ஆட்டம் நடக்கட்டும்.”

ஹமகுச்சி அம்மா முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்தார். ஆட்டம் தொடங்கியது.

“பறவைநாகம் நெருப்பைக் கக்கியது! கடோவாகிக்குப் பலத்த அடி!” சார் நெஞ்சைத் தடவிக்கொண்டார். “கடோவாகி தும்மியது! ஒன்று! இரண்டு! மூன்று!”

மூன்றாவது தும்மலுக்கு அரங்கமே சேர்ந்து கத்தியது.

பாவம், கோரோதான் திண்டாடினான். ஒவ்வொரு முறை பொத்தானை அழுத்தும் முன்பும் குனிந்து வணங்கி, “மன்னிச்சிருங்க சார், மிதிக்கப் போறேன்” என்றான். அடுத்து, “மன்னிச்சிருங்க சார், இப்ப கடிக்கணும்” என்றான்.

“என்கிட்ட ஏன்டா கேக்கற? கடி!” என்றார் சார்.

நாலாவது அடியில் எலி விழுந்தது, எழுந்தது. ஐந்தாவது அடிக்கும் எழுந்தது. திரையில் அதன் உயிரைக் காட்டும் கோடு மயிரிழையாகிவிட்டது. நடுநிலையாக வரிகளைப் படிக்க வந்தவர் என்பதையே சார் மறந்துபோனார்.

“கடோவாகி எழுந்துவிட்டார்! கடோவாகி தும்மினார்! விடாதே ஷூஹேய், இன்னொண்ணு போடு!”

பறவைநாகம் தள்ளாடியது. கோரோ கண்ணை இறுக மூடிக்கொண்டு கடைசிப் பொத்தானை அழுத்தினான். சார் திரையைப் பார்த்தார். மைக்கை வாயருகே கொண்டுபோய், மெதுவாகப் படித்தார்.

“கடோவாகி... மயங்கி விழுந்தார்.”

ஜெயித்த கோரோவுக்குக் கிடைத்ததைவிடப் பெரிய கைதட்டல் விழுந்த எலிக்குத்தான் கிடைத்தது. ஹமகுச்சி அம்மாவும் தட்டினார். மினோரி அழுதுகொண்டே சிரித்தாள்.

“கேபிள் சும்மாதான் இருக்கு. பேர மாத்திடறேன் சார்” என்றாள்.

“மாத்தினே, அப்புறம் பாரு!” என்றார் சார்.

திங்கட்கிழமை காலை வகுப்பில் வருகைப் பதிவு நடந்தது. கடைசிப் பெயருக்கும் பதில் வந்துவிட்டது. ஆனால் சார் பதிவேட்டை மூடவில்லை.

“கடோவாகி?” என்றார்.

வகுப்பு விழித்தது. ஷூஹேய் மட்டும் எழுந்து நின்றான்.

“வரல சார். சனிக்கிழமை வாங்கின அடியில இன்னும் படுத்திருக்கு.”

“மருந்து குடுத்தியா?”

“குடுத்தேன் சார்.”

“நாளைக்கு எழுந்திரிச்சிடும்,” என்றார் சார், பதிவேட்டை மூடியபடி. “எனக்குத் தெரியும்.”